அரங்கேற்றத்துக்கு முந்திய மாதங்கள்: மட்டக்களப்பில் ஓர் ஊர் கூத்துப் பழகும் விதம்

இலங்கையின் கிழக்குக் கரையில், ஆட்டமும் பாட்டுமாகக் கதை சொல்லும் மட்டக்களப்புக் கூத்து என்றதும் எல்லாரும் பேசுவது அரங்கேற்ற இரவைப் பற்றித்தான். விடிய விடிய ஆட்டம், மத்தளச் சத்தம், கண்ணாடித் துண்டு மின்னும் ராச முடிகள், பாயை விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்துக்கொண்டு கூத்தாடும் களரியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சனம். கமராவோடு வருகிறவர்களும் அந்த ஒரு இரவுக்குத்தான் வருகிறார்கள். அந்த இரவுக்கு முன்னால் ஐந்தாறு மாதம் ஓடியிருக்கும், சில ஊர்களில் ஒரு வருடமும் ஆகும். என்னைக் கேட்டால் கூத்து நடப்பது அந்த மாதங்களில்தான். அரங்கேற்றம் அதன் கடைசிப் பக்கம். இதைச் சரியாக விளங்கிக்கொள்ளாததால் கூத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நல்ல மனதோடு வருகிறவர்கள்கூட எதைக் காப்பாற்ற வேண்டுமோ அதை விட்டுவிட்டுப் போகிறார்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஆடுகிறவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நிரந்தரமான நாடகக் கம்பனி என்று ஊரில் ஒன்றும் கிடையாது. வயல் செய்கிறவர், மேசன் வேலைக்குப் போகிறவர், வாவியில் வலை வீசுகிறவர், மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர், ஓ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பொடியன், இவர்கள்தான் துரியோதனனும் துரோணரும் வீமனும். இந்த வருடம் கூத்துப் போடுவோம் என்று ஊர் முடிவெடுத்தால் குழு உண்டாகும். கூத்து ஆடி முடிந்ததும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். அடுத்த தடவை வேறு ஆட்கள், வேறு கூத்து. தகப்பன் ஆடிய பாத்திரத்தை மகன் எடுப்பதும் உண்டு, ஆனால் அது உரிமை கிடையாது, காலும் குரலும் வந்தால்தான்.

ஆடுகிற கதைகள் பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிந்தவை. இராமாயணம், பாரதம், அல்லி, பவளக்கொடி. மோடி என்றால் ஆடும் பாணி. போர்க்கதை என்றால் பெரும்பாலும் வடமோடி, காதல் கதை என்றால் தென்மோடி. வடமோடியில் ஆட்டம் வேகமும் வீரமுமாக இருக்கும். தென்மோடியில் பாட்டு இழுத்து, நுணுக்கமாகப் போகும். ஒரே ஊரில் இரண்டும் ஆடுகிறவர்கள் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் தன் மோடியைப் பற்றி ஒரு பெருமை உண்டு, அதைப் பற்றி வாய்கொடுத்தால் இரவு முழுக்கக் கதைப்பார்கள்.

இங்கே நான் பதின்மூன்றாம் போரை வைத்துச் சொல்கிறேன். பாரதப் போரின் பதின்மூன்றாம் நாள், துரோணர் சக்கர வியூகம் வகுக்கிறார். உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்ற நிலையில் அபிமன்யு உள்ளே நுழைகிறான். பின்னால் வந்த பாண்டவர்களைச் சயந்திரதன் மறித்துவிடுகிறான். பொடியனைப் பலர் சேர்ந்து கொல்கிறார்கள். களரியைச் சுற்றி இருக்கும் ஆச்சிக்கு இந்தக் கதை தலைகீழாகத் தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்று அறிய ஒருவரும் வருவதில்லை. இந்தத் தடவை அபிமன்யு யாருடைய பிள்ளை, அவன் எப்படி உள்ளே போகிறான், அதைத்தான் பார்க்க வருகிறார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் முதலில் அண்ணாவியாரிடம் போவார்கள். வெற்றிலை பாக்கோடு போய்க் கேட்பதுதான் முறை. அண்ணாவியார் என்பவர் ஆட்டம் பழக்குகிறவர், மத்தளம் அடிக்கிறவர், பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர், சண்டை வந்தால் தீர்த்துவைக்கிறவர். டைரக்டர் என்று சொன்னால் பாதிகூடச் சொன்னதாகாது. அவரிடம்தான் கூத்து முழுதும் எழுதிய கொப்பி இருக்கும். முந்தி ஓலை ஏட்டில் இருந்தது, பிறகு கையெழுத்துக் கொப்பிகளாக வந்தது. அட்டை கிழிந்து, எண்ணெய் பட்டு, ஓரங்கள் கறுத்துப்போன கொப்பி ஒன்றை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நடுவில் சில பக்கங்களில் மை வேறு, எழுத்து வேறு. யாரோ ஒருவர் பழுதாய்ப்போன பக்கங்களைத் திரும்ப எழுதிச் சேர்த்திருக்கிறார். ஒரு விருத்தத்தின் பக்கத்தில் பென்சிலால் ‘இதில் நிறுத்து’ என்று இருந்தது.

நல்ல நாள் பார்த்து, கும்பம் வைத்துக் கூத்தைத் தொடங்குவார்கள். அடுத்து வருவது சட்டம் கொடுத்தல். சட்டம் என்றால் ஓலை நறுக்கு. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் அவன் பாட வேண்டிய பாட்டுகளையும் பேச வேண்டிய வசனங்களையும் மட்டும் தனியாக எழுதிக் கொடுப்பது. இப்போது ஓலை இல்லை, கொப்பித் தாள்தான், ஆனால் பெயர் அப்படியே நிற்கிறது. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அபிமன்யுவாக ஆடுகிறவன் கையில் முழு நாடகம் கிடையாது. தன் தாய் சுபத்திரை தன்னிடம் என்ன பாடப்போகிறாள் என்பது அவன் தாளில் இல்லை. அதை அவன் பழக்கத்துக்கு வந்து, சுபத்திரையாக ஆடுகிறவர் பாடக் கேட்டுத்தான் அறிய வேண்டும். ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்திலும் நடிகர்களுக்கு இப்படித்தான் அவரவர் பகுதியை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். காகிதச் செலவும் எழுதுகிற வேலையும் மிச்சம் என்பது ஒரு காரணம். ஆனால் ஊரில் இதனால் வேறொன்றும் நடக்கிறது. முழுக் கூத்து எந்த ஒரு ஆட்டக்காரனிடமும் இல்லாததால் எல்லாரும் கூடினால்தான் கூத்து இருக்கும். ஒருவன் நாலு நாள் வராவிட்டால் கதையில் ஓட்டை விழும்.

பாத்திரம் கொடுக்கும்போது பிரச்சினை வராத ஊர் குறைவு. ராச பாத்திரத்துக்குப் போட்டி இருக்கும். உடுப்புக்கும் மற்றச் செலவுக்கும் ஆட்டக்காரன் வீட்டார்தான் பெரும்பாலும் காசு போட வேண்டும் என்பதால் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு முடி போவதும், நன்றாக ஆடுகிறவன் ஓரத்தில் நிற்பதும் நடந்திருக்கிறது. சாதி பார்த்ததும் உண்டு. பெண்கள் களரியில் ஏறவே இல்லை. சுபத்திரையும் திரௌபதியும் ஆண்கள்தான். கூத்தை நேசிக்கிறவர்கள் இதையெல்லாம் மறைத்து எழுதுகிறார்கள், அது எனக்குப் பிடிக்காது. கூத்து ஊரின் கண்ணாடி என்றால் ஊரின் கெட்டதும் அதில் தெரியத்தான் செய்யும்.

சரி, பழக்கத்துக்கு வருவோம். இருட்டியபிறகுதான் தொடங்கும், ஏனென்றால் பகலில் எல்லாருக்கும் வேலை. கோயில் வெளியிலோ ஒரு வீட்டு வளவிலோ மணல் பரப்பிய இடம். முதல் கிழமைகளில் பாட்டும் கிடையாது, வசனமும் கிடையாது, கால் மட்டும்தான். அண்ணாவியார் வாயால் தாளக்கட்டைச் சொல்லுவார், தா தெய்யத் தெய் என்று. பொடியன் மிதிப்பான். பிழைத்தால் முதலில் இருந்து. நான் பார்த்த ஒரு பழக்கத்தில் அபிமன்யுவுக்கு ஒரு பதினேழு வயதுப் பிள்ளையை விட்டிருந்தார்கள். பகலில் மேசனோடு போய் சீமெந்து குழைத்துவிட்டு வருகிறவன். உள்ளங்கையில் சீமெந்து வெடிப்பு. வீசாணம் என்ற ஆட்டம் போடும்போது வலது கால் சரியாக வருகிறது, திரும்பும்போது இடது கால் அரைத் தாளம் பிந்துகிறது. அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தவில்லை, திட்டவும் இல்லை. “மனே, காலைப் பார்க்காத, என்னைப் பாரு” என்றார். அவன் நிமிர்ந்தான். அவர் தன் கையை மத்தளத்தின் இடந்தலையில் கொஞ்சம் அழுத்தி அடித்தார், அந்த அரைத் தாளம் விழுகிற இடத்தில் மட்டும். மூன்றாவது சுற்றில் கால் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அன்றைக்கு அவனை அவர் ஆடச் சொல்லவே இல்லை. போய் இருந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பார்க்கிற வேலை சும்மா இருப்பது கிடையாது. ஒருவன் ஆடும்போது மற்ற எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பாட்டை வாங்கிப் பாடுவார்கள். பிற்பாட்டு இல்லாமல் கூத்தில்லை. ஆட்டக்காரன் மூச்சு வாங்குகிற இடத்தைப் பிற்பாட்டுக்காரர் நிரப்புவார்கள், சல்லரி என்ற கைத்தாளம் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இப்படி நாலு மாதம் இருந்தால் என்ன ஆகும்? துரியோதனனுக்கு அபிமன்யுவின் பாட்டும் பாடமாகிவிடும். தேத்தண்ணி கொண்டுவந்து கொடுக்கிற பெண்களுக்கும், வேலி ஓரம் நிற்கிற சின்னதுகளுக்கும் பாடமாகிவிடும். அரங்கேற்றத்தன்று ஒருவன் வரியை மறந்தால் எடுத்துக்கொடுக்க ஊரே இருக்கும்.

கொஞ்சம் தேறியதும் கிழமைக் கூத்து. வாரத்தில் குறித்த ஒரு நாள், பழகிய அளவுக்குத் தொடர்ந்து ஆடிப் பார்ப்பது. ஊர்ச்சனம் வரும், பிழை சொல்லும். பழைய ஆட்டக்காரர்கள்தான் பயங்கரமான விமர்சகர்கள். முப்பது வருடத்துக்கு முன் அதே பாத்திரம் ஆடிய ஒரு பெரியவர் முன்வரிசையில் இருந்தால் பொடியனுக்கு வேர்க்கும். அப்புறம் சதங்கை அணிதல். அதுவரை வெறுங்காலோடு ஆடியவனுக்கு அண்ணாவியார் கையால் சதங்கை கட்டப்படும். அதை ஒரு விழாவாகவே செய்வார்கள், சில ஊர்களில் அரங்கேற்றத்துக்குக் குறையாத சனம் வரும். வெறுங்கால் பிழையை மண் மறைத்துவிடும், சதங்கை மறைக்காது. அரைத் தாளம் பிந்தினால் சத்தமே காட்டிக்கொடுக்கும். சதங்கை கட்டுவதற்கு முன் அவன் பழகுகிறவன், கட்டியபின் ஆட்டக்காரன். அதற்குப் பிறகு அடுக்குப் பார்த்தல். உடுப்பில்லாமல், தொடக்கத்திலிருந்து மங்களம் வரை முழுக் கூத்தையும் ஓர் இரவு ஒழுங்காக ஓடிப் பார்ப்பது.

அதன்பின்தான் அரங்கேற்றம். வட்டக்களரி என்று சொல்லுவார்கள். நிலத்தை விடக் கொஞ்சம் உயர்த்திக் கட்டிய வட்டமான இடம், மேலே வெள்ளை கட்டி, சுற்றிவரச் சனம். முதுகுப்பக்கம் என்று ஒன்று கிடையாது. இது ஆட்டத்தை முழுதாகத் தீர்மானிக்கிறது. எட்டுப் போடுவதும் சுழன்று வருவதும் அழகுக்காக மட்டும் கிடையாது, நாலு பக்கத்துக்கும் முகம் காட்ட வேண்டும். கட்டியகாரன் முதலில் வந்து ராசா வருகிறார் என்று பறைசாற்றுவான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி வரவு, தனித் தாளக்கட்டு. வடமோடி ராசாவுக்குக் கரப்புடுப்பு, மீன் பிடிக்கிற கரப்பைக் கவிழ்த்தது மாதிரி இடுப்பிலிருந்து விரிந்து நிற்கும். தோளில் புயக்கட்டை, தலையில் முடி. இவ்வளவு பாரத்தோடு பாடிக்கொண்டே பொடியடி வைக்க வேண்டும், அதுவும் விடியும்வரை. மாதக்கணக்கில் பழகியது எதற்கு என்று அந்த இடத்தில் பார்க்கிறவருக்கு விளங்கும்.

சக்கர வியூகத்தை ஆடுவதை ஒரு தடவையாவது வட்டக்களரியில் பார்க்க வேண்டும். வியூகத்தைக் காட்ட எந்தச் சாமானும் இல்லை. துரோணரும் கர்ணனும் துரியோதனனும் மற்றவர்களும் வட்டமாகச் சுழல்வார்கள், அபிமன்யு அந்தச் சுழற்சிக்குள் எதிர்த் திசையில் நுழைவான். அவர்களைச் சுற்றி வட்டக்களரி, களரியைச் சுற்றிச் சனம். அப்போது நேரம் விடியற்காலை மூன்று, நாலு மணி இருக்கும். ஆடுகிறவன் உண்மையிலேயே களைத்திருப்பான். நடிக்கத் தேவையில்லை. அந்த மேசன் பொடியன் ஆடிய இரவில் அவன் முழங்கால் மடிந்து இருந்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா “போதும் விடுங்கடா பிள்ளைய” என்று சத்தமாகவே சொன்னா. கதை தெரிந்தவதான். அவன் பகலில் சீமெந்து குழைப்பதும் தெரிந்தவ.

இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் 1960களில் நடந்ததைப் பார்க்க வேண்டும். படித்தவர்கள் கூத்தைக் கணக்கெடுக்காத காலம் அது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைக் கையில் எடுத்தார். அதே பேராதனையில் இருந்த சிங்களப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956இல் நாடகம என்ற சிங்கள மரபை வைத்து மனமே என்ற நாடகத்தை மேடையேற்றியிருந்தார், அந்த நாடகம மரபுக்கும் தமிழ்க் கூத்துக்கும் உறவு உண்டு. வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டு 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், 1967இல் வாலி வதை என்று வரிசையாகக் கொண்டுவந்தார். ஆட்டம் பழக்க வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் வந்தார். விடிய விடிய ஆடியதை மண்டபத்து மேடைக்கு ஏற்றபடி சுருக்கினார்கள், மின்விளக்கில் ஆடினார்கள், பெண்கள் நடித்தார்கள். இராவணேசனை எழுதி இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து கூத்தோடு வளர்ந்தவர், பிறகு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றியே ஆய்வு செய்து பட்டம் பெற்றார்.

இந்த வேலையின் பெறுமதியை நான் குறைக்க மாட்டேன். வித்தியானந்தன் இல்லாவிட்டால் கூத்தாட்டம் என்று இகழ்ந்தவர்கள் அதைக் கலை என்று ஏற்க இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ தெரியாது. அவர் ஊர் ஊராகப் போய் அண்ணாவிமாரைத் தேடினார், பிரதிகளைப் பதிப்பித்தார். அலங்காரரூபன் நாடகம் 1962இல் அவர் பதிப்பாக அச்சில் வந்தது. ஆனால் மேடைக்குப் போனபோது எது போனது, எது போகவில்லை என்று பார்க்க வேண்டும். தாளக்கட்டு போனது. பாட்டு போனது. ஆட்டம் போனது, ஆனால் வட்டம் ஒரு பக்கமாகத் தட்டையாகிப் போனது. நாலு பக்கமும் சுழன்ற கால் ஒரே பக்கம் பார்க்க வேண்டி வந்தது. மாதக்கணக்கில் கூடியிருந்து ஒருவர் பாட்டை மற்றவர் கேட்டுப் பழகிய ஊர் மட்டும் போகவில்லை, போகவும் முடியாது. அது மேடைக்கு ஏற்றுகிற பொருள் கிடையாது. பல்கலைக்கழகத்துக்கு அவர் செய்தது சரி. அதையே பார்த்து ஊர்களும் ஒரு மணி நேரக் கூத்து, போட்டிக்கு அரை மணி நேரக் கூத்து என்று பழகத் தொடங்கியதுதான் பின்னால் வந்த சிக்கல்.

அதற்கு உள்நாட்டுப் போரும் ஒரு காரணம். ஊரடங்கு உள்ள இடத்தில் விடிய விடிய எப்படி ஆடுவது? இரவில் பழக்கத்துக்குப் போகும் பொடியனை எந்தத் தாய் விடுவாள்? எத்தனையோ ஊர்களில் ஒரு தலைமுறையே சதங்கை கட்டாமல் வளர்ந்தது. 2004 சுனாமி கரையோர ஊர்களை அள்ளிக்கொண்டு போனது. படுவான்கரையில், வாவிக்கு மேற்கே வயல் ஊர்களில், எவ்வளவோ இழப்புக்கு நடுவிலும் விட்டுவிடாமல் பிடித்துவைத்திருந்தவர்களால்தான் இன்றைக்கும் கேட்டுப் பழக ஆள் இருக்கிறது.

2000களின் தொடக்கத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிப்பித்த சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் மட்டக்களப்பின் சீலாமுனையில் தொடங்கிய கூத்து மீளுருவாக்கம் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடத்தில்தான். கூத்தை எடுத்து வேறு மேடைக்குக் கொண்டுபோகாமல், ஊரில், களரியில், ஆடுகிற ஆட்களோடு உட்கார்ந்தே மாற்றிப் பார்த்தார்கள். பெண் பாத்திரங்கள் கூத்தில் பேசப்படும் விதம் சரியா, சாதியைச் சொல்லும் வரிகளை இன்றைக்கும் பாட வேண்டுமா, போரை இப்படிக் கொண்டாட வேண்டுமா என்று பழக்க இரவுகளில் கதைத்தார்கள். பிள்ளைகளுக்குக் கூத்து, பெண்கள் ஆடும் கூத்து என்று அது விரிந்தது. இதை எதிர்த்தவர்களும் உண்டு, மரபில் கைவைக்கலாமா என்று கேட்டார்கள். நான் பார்த்த அந்தக் கொப்பியில் நடுவில் மை மாறியிருந்ததே, அதை நினைத்துக்கொள்கிறேன். யாரோ எப்போதோ கைவைத்ததால்தான் அந்தப் பக்கங்கள் மிஞ்சின. யார் கைவைப்பது, எங்கே இருந்து கைவைப்பது என்பதுதான் கேள்வி, ஆடுகிறவர்கள் கூடி முடிவெடுத்தால் எனக்குப் பயம் இல்லை.

அரங்கேற்றத்துக்குப் பிறகும் ஒன்று இருக்கிறது. உடுப்போடு வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். வீட்டு முற்றத்தில் ஓர் ஆட்டம், ஒரு பாட்டு, வீட்டுக்காரர் காசோ வேட்டியோ நெல்லோ கொடுப்பார்கள். போட்ட செலவில் ஒரு பகுதி அதில்தான் திரும்பி வரும். நோய்வாய்ப்பட்டுக் களரிக்கு வர முடியாத பெரியவர்கள் அன்றைக்குத்தான் கூத்துப் பார்ப்பார்கள்.

இப்போது கூத்துக்கு உதவுகிறோம் என்று வருகிற நிறுவனங்கள் பெரும்பாலும் அரங்கேற்றச் செலவு எவ்வளவு என்றுதான் கேட்கின்றன. மேடை, லைற், ஒலிபெருக்கி, பனர், பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை. எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு இருக்கும். ஆறு மாதத் தேத்தண்ணிக்கும், அண்ணாவியார் இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்புகிற ஆட்டோவுக்கும், அன்றாடம் கூலிக்குப் போகிறவன் பழக்கத்துக்காக விட்ட நாட்களுக்கும் பற்றுச்சீட்டு கிடையாது. உண்மையில் உதவ வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அங்கேதான் காசு போட வேண்டும். என்ன தேவை என்று அந்த அண்ணாவியாரிடமே ஒரு தடவை கேட்டேன். அவர் மத்தளத்தைத் திருப்பி இடந்தலையைக் காட்டினார், ஓரத்தில் வார் தளர்ந்து தோல் தொய்ந்திருந்தது. “இதுக்குத் தோல் மாத்தணும், மனே. பொடியனுகள் ஏழு மணிக்கு வரணும். வேற ஒண்டும் இல்ல.”